ஸ்கிரீன்ல ஒரு கலர், பிரிண்ட்ல ஒரு கலர்: புது மானிட்டர் வாங்குறதுக்கு முன்னாடி வரிசையா பாக்க வேண்டியது

சேலத்துல கல்யாண ஸ்டுடியோ வச்சிருக்கவங்க, இளம்பிள்ளைல வாட்ஸப்ல சேலை விக்கிறவங்க, செவ்வாப்பேட்டைல கொலுசு போட்டோ எடுத்து ஆர்டர் புடிக்கிறவங்க, ஏற்காட்டுல ஹோம்ஸ்டே நடத்துறவங்கன்னு எல்லாரும் என்கிட்ட கேக்குறது ஒரே கேள்விதான், "ண்ணா, எடிட்டிங்குக்கு கம்மி ரேட்ல நல்ல மானிட்டர் ஒன்னு சொல்லுங்க". நான் திருப்பிக் கேக்குறது, இப்ப இருக்கறதுல என்ன கோளாறுன்னு. ஏன்னா போய்ப் பாத்தா நெறைய எடத்துல மானிட்டர் நல்லாத்தான் இருக்கும், செட்டிங்தான் கெட்டுப்போய் கெடக்கும். அப்படியே புதுசு வாங்குனா அதே கோளாறு புது மானிட்டர்லயும் வந்து நிக்கும், காசு மட்டும் போயிருக்கும். அதனால உங்க கோளாறு எதுவோ அந்தத் தலைப்புக்கு நேரா போங்க, மேல இருந்து கீழ செலவில்லாததுல ஆரம்பிச்சு செலவு புடிக்கிறது வரைக்கும் எழுதிருக்கேன். எதுலயும் சரியாகலன்னா கடைசில என்ன வாங்கறதுன்னு இருக்கு.

## ஸ்கிரீன்ல பளிச்சுனு இருக்கு, ஆல்பம் இருட்டா வருது

இதுதான் ரொம்ப அதிகமா வர்ற கம்ப்ளைன்ட். எல்லாரும் மொதல்ல லேப்காரங்களத்தான் திட்டுவாங்க, ஆனா மொதல்ல பாக்க வேண்டியது உங்க பிரைட்னஸ்.

கம்பெனில இருந்து வர்றப்பவே மானிட்டர் 250, 300 நிட்ஸ்னு (நிட்ஸ்ங்கறது வெளிச்சத்த அளக்கற அலகு) கண்ணு கூசற அளவுக்கு வெளிச்சமா செட் பண்ணித்தான் வரும், கடைல பளபளன்னு தெரியணுமேன்னு. பிரிண்ட்டுக்கு எடிட் பண்ண 80ல இருந்து 120 நிட்ஸ் போதும். ஸ்கிரீன் வெளிச்சமா இருக்கறதால நீங்க போட்டோவ இருட்டாவே எடிட் பண்ணி முடிச்சிர்றீங்க, பேப்பருக்குன்னு தனியா லைட் கெடையாதே, அது அப்படியேதான் வரும்.

அளக்க மெஷின் இல்லையா, பரவால்ல. ஒரு நல்ல ஏ4 பேப்பர எடுத்து மானிட்டர் பக்கத்துல புடிங்க, ரூம் லைட்டு எப்பவும் எரியற மாதிரியே எரியட்டும். ஸ்கிரீன்ல வெறும் வெள்ளை ஃபைல் ஒன்ன முழுசா தொறந்து வச்சுட்டு, ஸ்கிரீனோட வெள்ளையும் பேப்பரோட வெள்ளையும் ஒரே அளவு வெளிச்சமா தெரியற வரைக்கும் பிரைட்னஸ கொறைங்க. பெரும்பாலும் மெனுவுல 20ல இருந்து 40க்குள்ள எங்கயாவது வந்து நிக்கும். மொத ரெண்டு நாளு "என்னடா இது மங்கலா இருக்கு"ன்னு தோணும், கண்ணு பழகிரும். கான்ட்ராஸ்ட தொடாதீங்க, கம்பெனி வச்சது அப்படியே இருக்கட்டும்.

கொறைச்சும் மாறி மாறி தெரியுதுன்னா, மெனுல டைனமிக் கான்ட்ராஸ்ட், ஈகோ மோட், ஆட்டோ பிரைட்னஸ்னு எது ஆன்ல இருந்தாலும் ஆஃப் பண்ணிருங்க. இதெல்லாம் நீங்க தொறக்கற போட்டோவுக்குத் தகுந்த மாதிரி தானா வெளிச்சத்த ஏத்தி எறக்கும், அதுல எடிட் பண்றது நடக்கற காரியமே இல்ல.

அதுக்கடுத்து ரூம். நம்மூர் சித்திரை வெயிலு ஜன்னல் வழியா நேரா ஸ்கிரீன் மேல அடிச்சா எந்த மானிட்டரும் தாங்காது. ஜன்னல் உங்க முதுகுக்குப் பின்னாடியும் இருக்கக்கூடாது, மானிட்டருக்குப் பின்னாடியும் இருக்கக்கூடாது, பக்கவாட்டுல இருக்கணும். காலைல எடிட் பண்ணதும் ராத்திரி எடிட் பண்ணதும் வேற வேறயா வருதுன்னா காரணம் இதுதான், ஒரு கெட்டித் திரைச்சீலை போட்டாலே பாதி சரியாயிரும்.

இதெல்லாம் முடிச்சுட்டு, ஆல்பம் ஃபுல்லா அனுப்பறதுக்கு முன்னாடி அதே லேப்ல 4க்கு 6 சைஸ்ல சில பிரிண்ட் போட்டு வாங்குங்க. கல்யாண மேடை லைட்ல எடுத்தது ஒன்னு, வெளில எடுத்தது ஒன்னு, முகம் க்ளோசப் ஒன்னு. அனுப்பும்போதே "ஆட்டோ கரெக்ஷன் போடாதீங்க"ன்னு சொல்லிருங்க, இல்லன்னா அவங்க மெஷின் அதுபாட்டுக்கு திருத்தும், அப்புறம் தப்பு யாரு பக்கம்னே தெரியாது. லேப்கிட்ட அவங்க பேப்பரோட ஐசிசி ப்ரொஃபைல் (அந்தப் பேப்பர்ல கலர் எப்படி வரும்னு சொல்ற ஃபைல்) இருந்தா கேட்டு வாங்கி, லைட்ரூம் டெவலப்ல எஸ் பட்டன அமுக்கி பிரிண்ட் எப்படி வரும்னு ஸ்கிரீன்லயே சாஃப்ட் ப்ரூஃப்ல பாக்கலாம், போட்டோஷாப்னா வ்யூ மெனுவுல ப்ரூஃப் செட்டப்ல அந்த ப்ரொஃபைல தேர்ந்தெடுத்துட்டு கன்ட்ரோல் ஒய்.

எப்ப ஆள் வேணும்: டெஸ்ட் பிரிண்ட் ஒரு லேப்ல இருட்டாவும் இன்னொரு லேப்ல சரியாவும் வந்தா அது உங்க மானிட்டர் இல்ல, லேப்ப மாத்துங்க. ரெண்டு லேப்லயும் ஒரே மாதிரி தப்பா வந்தா கேலிபரேட்டர் (ஸ்கிரீன் கலர அளந்து சரி பண்ற கருவி) வச்சிருக்க ஒருத்தர வரச்சொல்லி ஒரு தடவ அளந்துக்கோங்க.

## சேலை மானிட்டர்ல ஒரு கலர், கஸ்டமர் போன்ல வேற கலர்

இளம்பிள்ளைக்காரங்களுக்கு இது நேரா காசு நஷ்டம். "போட்டோல பாத்தது ராணி பிங்க், வந்தது வேற"ன்னு சேலை திரும்பி வந்தா கூரியர் செலவு ரெண்டு பக்கமும் உங்க தலைலதான். அதனால இத கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

மொதல்ல நைட் லைட். விண்டோஸ் செட்டிங்ஸ்ல டிஸ்ப்ளேக்குள்ள இருக்கு, ஷெட்யூல் போட்டிருந்தா சாயங்காலமானா தானா ஆன் ஆகி ஸ்கிரீன மஞ்சளாக்கும். மானிட்டர் மெனுலயும் லோ ப்ளூ லைட், ரீடிங் மோட்னு ஒன்னு தனியா இருக்கும். ரெண்டையும் ஆஃப் பண்ணுங்க, ஒன்ன மட்டும் ஆஃப் பண்ணிட்டு இன்னும் மஞ்சளா இருக்குன்னு சொல்றவங்க நெறைய பேரு.

அடுத்தது எக்ஸ்போர்ட். ஃபைல் அடோபி ஆர்ஜிபி, ப்ரோஃபோட்டோங்கற பெரிய கலர் அளவுகோல்ல சேவ் ஆயிருந்தா, ப்ரொஃபைல (எந்த அளவுகோல்னு ஃபைல்ல இருக்கற குறிப்ப) மதிக்காத ஆப்ல கலர் செத்துப்போய் சாம்பல் பூத்த மாதிரி தெரியும். லைட்ரூம்ல எக்ஸ்போர்ட் பண்றப்ப கலர் ஸ்பேஸ் எஸ்ஆர்ஜிபின்னு வைங்க. போட்டோஷாப்னா எடிட் மெனுல கன்வெர்ட் டு ப்ரொஃபைல் போய் எஸ்ஆர்ஜிபி குடுங்க, அதுக்கு மேலயே அசைன் ப்ரொஃபைல்னு ஒன்னு இருக்கும், அத தொடாதீங்க, அது ஃபைல்ல இருக்கற கலர் நம்பர மாத்தாம அளவுகோல் பேர மட்டும் மாத்தும், கலர் இன்னும் கெடும். எஸ்ஆர்ஜிபிங்கறது 1996ல வந்த பழைய அளவுகோல்தான், ஆனா இன்னிக்கும் போன், வெப்சைட், வாட்ஸப், லேப் எல்லாத்துக்கும் பொதுவான அளவுகோல் அதுதான், நம்ம வேலைக்கு அதத் தாண்டிப் போக வேண்டிய அவசியமே இல்ல.

மூணாவது போன். நெறைய போன்ல டிஸ்ப்ளே விவிட்னு இருக்கும், கலர ஏத்தித்தான் காட்டும். உங்க போன மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க, செட்டிங்ஸ்ல நேச்சுரல்னு மாத்திட்டு ஒப்பிட்டுப் பாருங்க. கஸ்டமர் போன நாம மாத்த முடியாது, ஆனா நம்ம பக்கம் நடுவுல நின்னா எந்தப் போன்லயும் ரொம்பத் தள்ளிப் போகாது.

நாலாவது, கெட்டுப்போன ப்ரொஃபைல். ஒரே போட்டோ பிரவுசர்ல ஒரு மாதிரியும் போட்டோ வ்யூவர்ல மஞ்சளாவும் தெரிஞ்சா பெரும்பாலும் இதுதான். ஸ்டார்ட்ல கலர் மேனேஜ்மென்ட்னு டைப் பண்ணித் தொறந்து, உங்க மானிட்டர தேர்ந்தெடுத்து, யூஸ் மை செட்டிங்ஸ் டிக் பண்ணி, அங்க இருக்கற ப்ரொஃபைல எடுத்துட்டு எஸ்ஆர்ஜிபிய சேத்து டீஃபால்ட் ஆக்குங்க. அப்புறம் எடிட்டிங் சாஃப்ட்வேர மூடித் தொறங்க. இன்னொன்னு, இன்டர்நெட்ல இருந்து யாரோ அவங்க மானிட்டருக்கு எடுத்த ப்ரொஃபைல டவுன்லோட் பண்ணிப் போடாதீங்க. மாடல் ஒன்னா இருந்தாலும் ஒவ்வொரு பீஸும் வேற, அடுத்தவங்க கண்ணாடிய நாம போட்டுக்கிட்ட மாதிரிதான்.

அஞ்சாவது, போட்டோ எடுத்த எடம். இத மானிட்டர் கோளாறுன்னே நெனச்சுட்டிருப்பாங்க. ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கம், டியூப்லைட் இன்னொரு பக்கம், மேல மஞ்சள் பல்பு, இதுல எடுத்த பட்டுச் சேலைக்கு எந்த மானிட்டர்லயும் சரியான கலர் வராது. ஒரே வகை லைட்டு போடுங்க, பாக்ஸ்ல சிஆர்ஐ (அந்த லைட்ல கலர் எவ்வளவு உண்மையா தெரியும்ங்கற அளவு) 90க்கு மேலன்னு போட்டிருக்கற எல்ஈடியா பாத்து வாங்குங்க, ஒவ்வொரு செட்டுக்கும் மொத ஷாட்ல ஒரு கிரே கார்டு (அப்புறம் கலர் சரி பண்ண உதவற சாம்பல் அட்டை) வச்சு எடுங்க. ராணி பிங்க், ரத்தச் சிவப்பு, மயில்கழுத்துப் பச்சை இந்த மூணும் வம்பு புடிச்ச கலர். மொத ரெண்டுலயும் கேமராலயே சிவப்பு சேனல் முட்டி நின்னுரும், ஜரிகையோட கோடே தெரியாது. ஹிஸ்டோகிராம்ல (கேமரா காட்டற வெளிச்ச வரைபடத்துல) சிவப்பு வலது ஓரத்துல ஒட்டிருந்தா எக்ஸ்போஷர கொறைச்சு திரும்ப எடுங்க, எடிட்டிங்ல காப்பாத்த முடியாது.

இதெல்லாம் சரின்னா இப்ப மானிட்டர சந்தேகப்படலாம். மாடல் நம்பர தேடி ஸ்பெக் ஷீட்ல கலர் கேமட், அதாவது எவ்வளவு கலர் காட்ட முடியும்னு பாருங்க. 45 சதவீதம் என்டிஎஸ்சின்னு (அது இன்னொரு பழைய கலர் அளவுகோல்) போட்டிருந்தா அது எஸ்ஆர்ஜிபில ஏறக்குறைய 60, 65 சதவீதம்தான், மிச்ச கலர் அந்தப் பேனல்லயே கெடையாது, என்ன செட்டிங் போட்டாலும் வராது. கம்மி விலை லேப்டாப்ல இந்தப் பேனல்தான் நெறைய வருது, அதனால லேப்டாப் ஸ்கிரீன்ல சேலைக் கலர் பாக்கவே பாக்காதீங்க. 72 சதவீதம் என்டிஎஸ்சின்னா எஸ்ஆர்ஜிபிக்கு கிட்டத்தட்ட சமம், அது போதும். நேர்மாறா வைட் கேமட் மானிட்டர்னா எல்லாமே அடிக்கற கலரா தெரியும், மெனுல எஸ்ஆர்ஜிபி மோட் போட்டா அடங்கும். சில மானிட்டர்ல அந்த மோட் போட்டதும் பிரைட்னஸ மாத்த விடாது, வாங்கும்போதே இத சோதிச்சுக்கோங்க.

எப்ப ஆள் வேணும்: மொத்த வியாபாரத்துக்கு கேட்டலாக் அடிக்கறீங்க, துணிச் சாம்பிளும் பேப்பரும் ஒன்னாவே இருக்கணும்னா, அது பிரஸ்காரங்களும் நீங்களும் சேந்து ப்ரூஃப் போட்டுப் பாக்க வேண்டிய வேலை, மானிட்டர மட்டும் நம்பி எறங்காதீங்க.

## வெள்ளிக் கொலுசு பச்சையாவோ செவப்பாவோ தெரியுது

சாம்பல் கலருக்குத்தான் மானிட்டரோட உண்மை முகம் தெரியும். மொதல்ல அந்த போட்டோவோட ஒரு காப்பிய முழுசா கறுப்பு வெள்ளை ஆக்குங்க. அப்பவும் பச்சையோ செவப்போ தெரிஞ்சா கோளாறு மானிட்டர்ல. கறுப்பு வெள்ளைல சுத்தமா இருந்து கலர்ல மட்டும் சாயம் தெரிஞ்சா கோளாறு போட்டோல, ஒயிட் பேலன்ஸ் சரி பண்ணுங்க. வெள்ளி கண்ணாடி மாதிரி சுத்தி இருக்கற எல்லாத்தையும் வாங்கிக் காட்டும், நீங்க போட்டுருக்க சட்டைக் கலரு கூட கொலுசுல வரும்.

மானிட்டர்தான்னா, கலர் டெம்பரேச்சர் கூல்லயோ வார்ம்லயோ இருக்கும், 6500 கெல்வின் வைங்க. அந்தப் பேரு இல்லன்னா நார்மல். தலைய மேலயும் கீழயும் ஆட்டிப் பாருங்க, கலர் மாறுச்சுன்னா அது டிஎன்ங்கற மலிவு வகை பேனல், அதுல இந்த வேலை ஆகாது. ரூம் செவரு பச்சை பெயின்ட்டா இருந்தா அதுவும் கண்ண ஏமாத்தும், மானிட்டருக்குப் பின்னாடி இருக்கற செவர மட்டும் வெள்ளையோ வெளிர் சாம்பலோ ஆக்கிருங்க. ரொம்ப வருஷம் ஓடுன மானிட்டர்னா பேக்லைட்டே மஞ்சளாயிருக்கும். ஒரு சாம்பல் விண்டோவ இந்த மூலைல இருந்து அந்த மூலைக்கு இழுத்துப் பாருங்க, மூலைக்கு மூலை கலர் மாறுனா அத ரிப்பேர் பண்ண செலவழிக்காதீங்க.

## ஏற்காட்டு பனி போட்டோல வானம் பட்டை பட்டையா தெரியுது

பகோடா பாயிண்ட்ல காலைல எடுத்த மூட்டம், வெள்ளைல இருந்து சாம்பலுக்கு மெதுவா எறங்கணும், ஆனா படிக்கட்டு மாதிரி கோடு கோடா நிக்குது. மொதல்ல 100 சதவீத ஜூம்ல பாருங்க. ஜேபெக் ஃபைல இழுத்து இழுத்து எடிட் பண்ணிருந்தா கோடு வராம என்ன செய்யும், ராவ்ல (கேமரா திருத்தாம தர்ற ஃபைல்) எடுத்து 16 பிட்ல எடிட் பண்ணுங்க.

அப்படிப் பண்ணியும் வந்தா அதே ஃபைல எக்ஸ்போர்ட் பண்ணி ஒரு நல்ல போன்ல தொறங்க, வாட்ஸப்ல அனுப்பனா டாக்குமென்டா அனுப்புங்க, இல்லன்னா அதுவே அமுக்கி கோடு போட்டுரும். போன்ல வழுவழுன்னு இருந்தா மானிட்டர்தான். கறுப்புல இருந்து வெள்ளைக்கு ஒரு கிரேடியன்ட் போட்டுப் பாருங்க. மெலிசா சாம்பல் படி தெரியறது சகஜம், ஆனா நடுவுல ரோஸ் கலர், பச்சைக் கலர்ல கோடு ஓடுனா மெனுல கான்ட்ராஸ்ட், காமாவ யாராவது ஏத்தி வச்சிருக்காங்களான்னு பாத்து ரீசெட் பண்ணுங்க. ரீசெட்டுக்கும் போகலன்னா அது 6 பிட் பேனலா, அதாவது கலர் படி கம்மியா இருக்கற பேனலா இருக்கலாம், ஸ்பெக்ல 1 கோடியே 62 லட்சம் கலர்னு, அதாவது 16.2 மில்லியன்னு இருந்தா சந்தேகமே வேண்டாம், 16.7 மில்லியன் போட்டிருக்கறதுதான் நமக்கு வேணும்.

## கறுப்பு கறுப்பா இல்ல, சாம்பலா இருக்கு

ஹெச்டிஎம்ஐல மாட்டுனவங்களுக்கு வரும். கம்ப்யூட்டர் மானிட்டர டிவின்னு நெனச்சு லிமிடெட் ரேஞ்ச்ல, அதாவது கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவுல சுருக்கின அளவுல அனுப்புது. என்விடியான்னா கன்ட்ரோல் பேனல்ல சேஞ்ச் ரெசல்யூஷன் பக்கத்துல கீழ, அவுட்புட் டைனமிக் ரேஞ்ச ஃபுல் ஆக்குங்க. ஏஎம்டின்னா பிக்சல் ஃபார்மேட்ல ஆர்ஜிபி 4:4:4 ஃபுல். விண்டோஸ்ல ஹெச்டிஆர் ஆன்ல இருந்தாலும் எல்லாம் வெளுத்துப்போகும், ஆஃப் பண்ணுங்க, கம்மி ரேட் மானிட்டர்ல ஹெச்டிஆர்ங்கறது பாக்ஸ் மேல ஒட்டற ஸ்டிக்கர்தான்.

இருட்டு ரூம்ல மூலைல மட்டும் லேசா வெளிச்சம் தெரியறது ஐபிஎஸ்ங்கற பேனல் வகையோட சுபாவம், கொஞ்சம் பின்னாடி தள்ளி உக்காந்தா கொறையும். ஒரே எடத்துல டார்ச் அடிச்ச மாதிரி மஞ்சளா ஒழுகுனா அது பேக்லைட் ப்ளீட், வாரண்டில மாத்தக் கேளுங்க.

## படம் மங்கலா, சாஃப்ட்டா தெரியுது

விஜிஏ கேபிள்னா தூக்கிப் போடுங்க. ரெசல்யூஷன் மானிட்டரோட சொந்த ரெசல்யூஷன்லதான் இருக்கணும், விண்டோஸ் அதுக்குப் பக்கத்துலயே ரெகமென்டட்னு போட்டிருக்கும். 27 இன்ச்ல 1920க்கு 1080னா இன்ச்சுக்கு 82 புள்ளிதான் வரும், புள்ளி புள்ளியா தெரியும், அத நம்பி ஷார்ப்னஸ் ஏத்துனா பிரிண்ட்ல முகம் சொரசொரன்னு வந்துரும். அதே ரெசல்யூஷன் 24 இன்ச்ல 92 வரும், தாராளம்.

## விட்டு விட்டு எரியுது, கோடு விழுது, ஆன் ஆகல

கேபிள மாத்துங்க, ப்ளக்க மாத்துங்க, வேற கம்ப்யூட்டர்ல போட்டுப் பாருங்க. லோ வோல்டேஜ் இருக்கற எடத்துல யுபிஎஸ் இல்லாம ஓட்டாதீங்க, ஏற்காடு பக்கம் மழைக் காலத்துல கரண்ட் போய் போய் வர்றப்பதான் பவர் போர்டு போகுது. அங்க இன்னொன்னும் இருக்கு, ஈரம். குளுந்து கெடந்த ரூம்ல இருந்தோ வண்டில இருந்தோ எடுத்து வந்த மானிட்டர உடனே ஆன் பண்ணாதீங்க, உள்ள வேர்த்திருக்கும், சில மணி நேரம் விட்டு ஆன் பண்ணுங்க. பூஞ்சை புடிக்கற ரூம்னா செவத்தோட ஒட்டி வைக்காதீங்க, காத்துப் போகட்டும்.

பிரைட்னஸ கொறைச்சா கண்ணு வலிக்குதுன்னா போன் கேமராவ ஸ்கிரீன் முன்னாடி புடிங்க, பட்டை பட்டையா ஓடுனா அது பிடபிள்யூஎம் ஃப்ளிக்கர் (வெளிச்சத்தக் கொறைக்க பேக்லைட் வேகமா அணைஞ்சு எரியறது), அந்த மானிட்டர் நாள் பூரா எடிட்டிங்குக்கு வேண்டாம்.

எப்ப ஆள் வேணும்: பின் மூடிய நீங்க கழட்டவே கூடாது, ஆஃப் பண்ணிட்டாலும் உள்ள கெப்பாசிட்டர்ல கரண்ட் நிக்கும். ஆன் ஆகல, டிக் டிக்னு சத்தம் வருதுன்னா பவர் போர்டு, சர்வீஸ் சென்டர்ல கொஞ்ச செலவுல முடியும். செங்குத்தா கலர் கோடு நின்னுருச்சுன்னா பேனல் கோளாறு, பேனல் மாத்தற காசு புது மானிட்டர் விலைக்குப் பக்கத்துல போகும், வாரண்டி இல்லன்னா விட்டுருங்க.

## எல்லாம் பாத்தாச்சு, மானிட்டர்தான் பத்தல

சரி, இப்ப வாங்கலாம். ஐபிஎஸ் பேனல், எஸ்ஆர்ஜிபி 99 சதவீதத்துக்கு மேல, 16.7 மில்லியன் கலர், மெனுல சிவப்பு பச்சை நீலம் தனித்தனியா மாத்தற வசதி, உயரம் ஏத்தி எறக்கற ஸ்டாண்ட். இந்த அஞ்சும் இருந்தா கம்பெனி எதுவா இருந்தாலும் எனக்குப் பரவால்ல. வளைஞ்ச ஸ்கிரீன், 165 ஹெர்ட்ஸ், ஹெச்டிஆர் இதுக்கெல்லாம் காசு குடுக்காதீங்க, வளைஞ்சது பெரும்பாலும் விஏங்கற வகை பேனலா இருக்கும், கறுப்பு அருமையா இருக்கும், ஆனா கொஞ்சம் பக்கவாட்டுல இருந்து பாத்தா நெழல் கலர் மாறிரும். பக்கத்துல உக்காந்து பாக்கற கஸ்டமருக்கு ஒன்னு தெரியும், உங்களுக்கு ஒன்னு தெரியும்.

10,000 ரூபாய ஒட்டித்தான் கைல இருக்குன்னா 24 இன்ச் ஆபீஸ் வகை ஐபிஎஸ் ஒன்னு, மேல சொன்ன ஸ்பெக்க பாத்து எடுங்க, வாட்ஸப் வியாபாரத்துக்கு அது போதும். இன்னும் கொஞ்சம் போட முடிஞ்சா ஏசஸ் ப்ரோஆர்ட் பிஏ248க்யூவி மாதிரி, 24.1 இன்ச், 1920க்கு 1200, 100 சதவீதம் எஸ்ஆர்ஜிபி, கம்பெனிலயே டெல்டா இ (கலர் எவ்வளவு தப்புங்கற அளவு) 2க்குக் கீழ கேலிபரேட் பண்ணி வரும். கல்யாண ஆல்பம் பண்றவங்களுக்கு நான் சொல்றது இந்த வகைதான். 27 இன்ச் ஆசைன்னா 2560க்கு 1440 ரெசல்யூஷன்தான், அதுக்குக் கீழ வேண்டாம். ரேட்டு ஆஃபருக்கு ஆஃபர் மாறும், வாங்கற அன்னிக்கு ஆன்லைன்லயும் கடைலயும் ரெண்டுலயும் விசாரிங்க.

காசு மிச்சம் இருந்தா பெரிய மானிட்டர்ல போடாம, நாலு ஸ்டுடியோக்காரங்க சேந்து ஒரு கேலிபரேட்டர் வாங்குங்க, ஸ்பைடரோ கேலிப்ரைட்டோ. ஒருத்தர் தனியா வாங்க கட்டுபடியாகாது, ஆனா மாசத்துக்கு ஒரு தடவதானே வேணும், சுத்தி வரட்டும். மானிட்டர அரை மணி நேரம் ஓடவிட்டு அப்புறம் அளங்க.

ஆபீஸ்ல கழிச்ச பழைய டெல் அல்ட்ராஷார்ப் செகண்ட்ஸ்ல வரும், நல்ல பீஸ் கெடைச்சா கம்மி காசுல பெரிய லாபம். ஆனா வெள்ளை ஸ்கிரீன் போட்டு ஓரம் மஞ்சளான்னு பாக்காம எடுக்காதீங்க, பிரைட்னஸ் 100 வச்சாலும் மங்கலா இருந்தா அதுக்கு ஆயுசு முடிஞ்சுது.

அஞ்சு ரோட்டுல கடையோ எங்கயோ, போறப்ப பென்டிரைவ்ல முழு வெள்ளை, முழு கறுப்பு, நடு சாம்பல், சிவப்பு, பச்சை, நீலம், கூடவே உங்க சேலை போட்டோ ஒன்னு, பனி போட்டோ ஒன்னு போட்டு எடுத்துட்டுப் போங்க. பாக்ஸ கடைலயே பிரிச்சு மாட்டச் சொல்லி ஒவ்வொன்னா ஓட்டிப் பாருங்க, சிவப்பு பச்சை நீலத்துல செத்த புள்ளி இருந்தா தெரியும். எத்தன புள்ளி செத்தா மாத்திக் குடுப்பீங்கன்னு காசு குடுக்கறதுக்கு முன்னாடியே கேளுங்க, ஒரு புள்ளிக்கெல்லாம் எல்லா கம்பெனியும் மாத்தாது. பில்லுல மாடல் நம்பர் முழுசா, சீரியல் நம்பரோட எழுதி வாங்குங்க, ஒரே பேருல கடைசி ரெண்டு எழுத்து மட்டும் மாறுன மாடலுக்கு உள்ள பேனலே வேறயா இருக்கும்.